இளவரசன் விழுந்தால் படை ஏன் கலைகிறது?

காவேரிப்பாக்கம் ஏரிக்கரையை ஒட்டிய டீக்கடையில் ஒரு தம்பியை ஞாயிற்றுக்கிழமைகளில் பார்ப்பேன். ஆம்பூரில் ஷூ கம்பெனியில் தோல் வெட்டும் வேலை. வாரம் முழுக்கத் தோலோடு இருந்துவிட்டு, ஞாயிறானால் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துவிடுவார். கதை எழுதுகிறார். எந்தத் தேசப்படத்திலும் இல்லாத ஒரு சாம்ராஜ்யம். அதற்கு மலை, ஆறு, கோட்டை, ஏழு தலைமுறை அரசர்கள், பத்து லட்சம் பேர் கொண்ட படை. வீரர்கள் எல்லாருக்கும் ஒரே கருப்பு உடை, ஒரே மாதிரி ஈட்டி. படம்கூட வரைந்து வைத்திருக்கிறார்.

போன வாரம் அவர் ஒரு கேள்வி கேட்டார். "அண்ணே, என் கதையில ராஜா பாதிச் சண்டையில செத்துடறாரு. ஆனா படை நின்னு ஜெயிக்குது. படிச்ச பசங்க, 'ராஜா செத்தா படை ஓடிடும்டா'ன்றாங்க. ஏண்ணே ஓடணும்? அடுத்த ஆள் சொல்றத கேட்டு சண்டை போட வேண்டியதுதானே?"

நல்ல கேள்வி. ஒரு டீ ஆறுவதற்குள் பதில் சொல்ல முடியாத கேள்வியும்கூட. இன்னொரு டீ சொல்லிவிட்டுப் பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சைத்தான் இங்கே எழுதுகிறேன், நீங்களும் எங்களோடு அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு.

இந்த ஊருக்குப் போர் புதிதல்ல. 1752 பிப்ரவரியில் ஓர் இரவு, ராபர்ட் கிளைவின் படை இந்தச் சாலையில் வந்தபோது, சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிபும் பிரெஞ்சுக்காரர்களும் மாந்தோப்பில் பீரங்கிகளை மறைத்து வைத்துக் காத்திருந்தார்கள். கிளைவ் ஒரு பிரிவைத் தோப்பின் பின்பக்கமாகச் சுற்றி அனுப்பி அந்தப் பீரங்கிகளைப் பிடித்தார். ஆனால் தம்பியின் கேள்விக்கு விடை அதற்கு 800 வருஷம் முன்னால் இருக்கிறது. இங்கிருந்து வண்டியில் ஒரு மணி நேரம் போனால் தக்கோலம். அரக்கோணம் பக்கம். அங்கேதான் 949ஆம் ஆண்டு ஓர் இளவரசர் யானைமேல் இருந்தபடியே இறந்தார். அதோடு போரும் முடிந்தது.

யார் யாரோடு மோதினார்கள் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். தெற்கே சோழர். தஞ்சாவூரில் முதலாம் பராந்தகர் ஆட்சி. 907இல் பட்டத்துக்கு வந்து வயதாகிவிட்டவர். அவருடைய மூத்த மகன் ராஜாதித்தர். வடக்கிலிருந்து ஆபத்து வரும் என்று தெரிந்தே மகனைத் திருமுனைப்பாடி நாட்டில், திருநாவலூர் பக்கம், பெரும்படையோடு பல வருஷம் நிறுத்தி வைத்திருந்தார் பராந்தகர். எதிரே ராஷ்டிரகூடர், இன்றைய கர்நாடகத்தின் கலபுரகி மாவட்டத்தில் உள்ள மான்யகேடம் அவர்கள் தலைநகர். அரசர் மூன்றாம் கிருஷ்ணன். நம் கல்வெட்டுகள் அவரைக் கன்னரதேவன் என்று சொல்லும். அவருக்குத் துணையாக வந்தவர் கங்க நாட்டுப் பூதுகன், கிருஷ்ணனின் சகோதரியை மணந்தவர். ராஜாதித்தரைக் கொன்றவர் இந்தப் பூதுகன்தான்.

சோழர் பக்கமும் இதை மறைக்கவில்லை. யானைமேல் இருந்த ராஜாதித்தரின் மார்பில் கூர்மையான அம்புகள் பாய்ந்தன என்று ஆனைமங்கலச் செப்பேடுகள் சொல்கின்றன. கல்வெட்டுகளில் அவருக்கு வந்த பெயர் 'ஆனைமேல் துஞ்சின தேவர்'. துஞ்சுதல் என்றால் தூங்குதல். இறந்தார் என்று எழுத மனம் வராமல் தூங்கினார் என்று எழுதியிருக்கிறார்கள்.

இப்போது கேள்விக்கு வருவோம். ஒருவர் விழுந்ததும் ஏன் எல்லாம் முடிந்துபோனது?

விடையின் பாதி எளிது. தேர்த் திருவிழாவை நினைத்துப் பாருங்கள். வடம் பிடித்து இழுக்கும் கூட்டத்தில் பின்னால் நிற்பவருக்குச் சக்கரம் தெரியாது, முன்னால் என்ன நடக்கிறது என்றும் தெரியாது. மேளச் சத்தத்தில் யார் கத்தினாலும் காதில் விழாது. அவர் தலையைத் தூக்கித் தேரின் உச்சியைப் பார்க்கிறார். உச்சி அசைந்தால் தேர் நகர்கிறது, அசையாவிட்டால் நிற்கிறது. அந்தக் காலத்துப் போர்க்களமும் அப்படித்தான். புழுதி, முரசு, கூச்சல். வீரனுக்குத் தெரிவது ஒன்றுதான்: கூட்டத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் யானை, அதன்மேல் குடை. அது இருக்கும்வரை நாம் தோற்கவில்லை. தலைவன் யானைமேல் ஏறுவது பெருமைக்காக மட்டுமல்ல. தன் படைக்குக் கண்ணில் படவேண்டும் என்பதற்காக. ஆனால் நம் வில்லாளியின் கண்ணில் படுகிறவர் எதிரி வில்லாளியின் கண்ணிலும் படத்தானே செய்வார்.

தம்பி விடவில்லை. "சரிண்ணே, இன்னொருத்தர் அந்த யானைமேல ஏறலாமே?" ஏறலாம். விடையின் மறுபாதி இங்கேதான் இருக்கிறது. நம்மில் அநேகமாக எல்லாருக்கும் இருக்கும் ஒரு தப்பான எண்ணமும் இங்கேதான் ஒளிந்திருக்கிறது.

'சோழர் படை' என்று சொன்னதும் நம் மனசில் என்ன படம் ஓடுகிறது? ஒரே கொடி, ஒரே உடை, வரிசை வரிசையாக ஆட்கள், மேலே ஒரு சேனாதிபதி, அவருக்கும் மேலே அரசர். சினிமாவில் அப்படித்தான் பார்த்திருக்கிறோம். 2022இலும் 2023இலும் 'பொன்னியின் செல்வன்' படங்கள் வந்தபோது இந்த ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பார்த்தார்கள். கதைக்கும் படத்துக்கும் அது வேண்டியதுதான். கண்ணுக்கு நிறைவாக இருக்க வேண்டும். ஆனால் அந்தப் படம் இன்றைய ராணுவத்தைப் பார்த்துப் பழகிய நம் கண், பழைய காலத்தின்மேல் போட்டுப் பார்க்கும் சட்டை. உண்மையான படை ஒற்றைப் பொருளாக இல்லை. பல படைகள் சேர்ந்த ஒரு கூட்டம் அது.

கல்யாண வீட்டை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும். பந்தலில் ஐந்நூறு பேர் இருக்கிறார்கள். தாய்மாமன் வகையறா ஒரு வண்டியில் வந்தார்கள், சம்பந்தி வீட்டார் இன்னொரு வண்டியில், பக்கத்து ஊர்ப் பங்காளிகள் தனியாக. அந்தந்த வண்டிக்கு ஒரு பெரியவர் உண்டு. இவர்கள் ஒருவரையொருவர் அறியமாட்டார்கள். எல்லாருக்கும் தெரிந்தவர் வீட்டுக்காரர் ஒருவர்தான். அவருக்காகத்தான் எல்லாரும் வந்தது. அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் தாய்மாமன் எழுந்து நின்று, "சம்பந்தி வீட்டாரே, இனி நான் சொல்கிறபடி கேளுங்கள்" என்று சொல்ல முடியுமா? அவரவர் வண்டியைத் தேடிப் போவார்கள். அதைக் கோழைத்தனம் என்று யாரும் சொல்வதில்லை. வந்த காரணம் போய்விட்டது, அவ்வளவுதான்.

சோழர் படையும் இப்படி உறவால் கட்டியது. நம் பகுதியிலேயே பாருங்கள். ராணிப்பேட்டைக்குப் பக்கத்துத் திருவல்லத்தில், அப்போது அதன் பெயர் வல்லம், பராந்தகர் தம் ஆட்சியின் தொடக்கத்தில் ஒரு போரில் வென்றார். அதில் அவருக்குத் துணை நின்றவர் கங்கர் குலத்துப் பிருதிவீபதி என்ற சிற்றரசர். அவருக்குச் 'செம்பியன் மாவலிவாணராயன்' என்ற பட்டத்தைக் கொடுத்தார் பராந்தகர். சோளிங்கர்ப் பாறைக் கல்வெட்டு இந்தக் கதையைச் சொல்கிறது. பிருதிவீபதி தன் ஆட்களோடு வந்தவர். அந்த ஆட்களுக்குப் பிருதிவீபதியைத் தெரியும். பிருதிவீபதிக்குப் பராந்தகரைத் தெரியும். தக்கோலப் போருக்குச் சில வருஷம் முன்பே அவர் இறந்துவிட்டார். ஒரு மனிதர் போனதும் ஒரு பக்கத்துச் சுவரே போனதுபோல் ஆயிற்று.

இது சிற்றரசர்களோடு நிற்கவில்லை; அரசரின் சொந்தப் படைகளும் தனித்தனி வீடுகள் போலத்தான் இருந்தன. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஏறத்தாழ முப்பது படைகளின் பெயர்கள் வருகின்றன. தக்கோலத்துக்கு 60 வருஷம் பிந்திய செய்தி என்றாலும் படை எப்படி அமைந்திருந்தது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. 'பண்டித சோழத் தெரிந்த வில்லிகள்' என்று ஒரு படை. வில்லிகள், வில்லாளிகள், தெரிந்த என்றால் தேர்ந்தெடுத்த, பண்டித சோழன் என்பது அரசரின் பட்டப்பெயர். 'உத்தமசோழத் தெரிந்த அந்தளகத்தாளர்' என்று இன்னொன்று. அந்தளகம் என்றால் மார்புக்கவசம். கைக்கோளர் படைகள் உண்டு. அந்தச் சொல்லை இன்று நெசவாளர் சமூகத்தோடு சேர்த்தே கேட்கிறோம், அன்று அது படைப்பெயராகவும் இருந்தது. யானையாட்களுக்குத் தனிப்படை, குதிரைச்சேவகருக்குத் தனிப்படை.

இந்தப் படைகள் கோயில் கல்வெட்டில் ஏன் வருகின்றன என்று கேட்டால் நம் சினிமாப் படம் இன்னும் கொஞ்சம் கலைந்துபோகும். சில படைகள் பெரிய கோயிலின் பரிவார சந்நிதிகளுக்கு வேண்டியதைக் கொடுத்துப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை ஏற்றிருந்தன. சில படைகள் கோயில் பணத்தைக் கடனாக வாங்கி வட்டி கட்டின. ஒரு படை பணம் வாங்குகிறது, பொறுப்பேற்கிறது, தன் பெயரைக் கல்லில் பொறித்துக்கொள்கிறது. இன்றைய மகளிர் குழுவோ கூட்டுறவுச் சங்கமோ போல அது ஓர் அமைப்பு. அதற்குள்ளே நல்ல ஒற்றுமை. ஆனால் பக்கத்துப் படையோடு அதை இணைக்கும் கயிறு அரசர் ஒருவர்தான். படைகளின் பெயரைத் திரும்பப் படித்துப் பாருங்கள். பல பெயர்களுக்கு முன்னால் நிற்பது நாட்டின் பெயரல்ல, அரசரின் பட்டம்.

இந்தக் கயிறு எவ்வளவு முறுக்கானது என்பதற்கு வேளைக்காரர்கள் சாட்சி. வேளை வந்தால் உயிரைக் கொடுப்போம் என்று சபதம் எடுத்தவர்கள். இலங்கையிலும் அவர்கள் இருந்தார்கள். சிங்கள அரசர் முதலாம் விஜயபாகுவின் கீழ் ஊழியம் செய்த வேளைக்காரர்கள், சோழர்மேல் படையெடுக்கச் சொன்னபோது மறுத்துக் கலகம் செய்தார்கள் என்று இலங்கையின் பழைய வரலாற்று நூலான சூளவம்சம் சொல்கிறது. பின்னால் அவர்களே பொலன்னறுவையில் புத்தரின் பல்லை வைத்திருந்த கோயிலைக் காப்பதாக ஒப்புக்கொண்டு தமிழில் கல்வெட்டு வைத்தார்கள். அது இன்றும் அங்கே நிற்கிறது. வாக்கு கொடுத்த இடத்துக்கு உயிரையும் கொடுப்பார்கள். வாக்கு கொடுக்காத இடத்துக்கு அரசரே சொன்னாலும் போகமாட்டார்கள்.

தக்கோலத்தின் கதையில் என் மனசை அதிகம் பிடித்தவர் அரசரும் இல்லை, இளவரசரும் இல்லை. ராஜாதித்தரின் படையில் கேரளத்துக்காரர்கள் பலர் இருந்தார்கள். வெள்ளங்குமரன் என்ற மலையாளப் படைத்தலைவர் 943இல் திருக்கோவிலூர் அருகே கிராமம் என்ற ஊரில் சிவன் கோயிலைக் கல்லால் கட்டினார். சென்னைத் திருவொற்றியூரில், 959ஐச் சேர்ந்த ஒரு கல்வெட்டில், சதுரானன பண்டிதர் என்ற துறவி வருகிறார். அவரும் கேரளத்தவர், ராஜாதித்தரின் நெருங்கிய தோழர். போர் நடந்தபோது பக்கத்தில் இல்லாமல் போனார். தலைவரோடு சாக முடியவில்லையே என்று மனம் உடைந்து, கங்கையில் நீராடித் துறவு பூண்டு, திருவொற்றியூருக்கு வந்து மடத்தின் தலைவரானார். இருவரும் ஒருவரே என்று கருதும் அறிஞர்கள் உண்டு. ஒருவரோ இருவரோ, தலைவன் போனபின் இன்னொரு தலைவனைத் தேடிப் போகாமல் வாளைக் கீழே வைத்த ஒரு மனிதரை நாம் அங்கே பார்க்கிறோம். தம்பியின் கேள்விக்கு இதைவிடப் பெரிய பதில் என்னிடம் இல்லை.

எதிரி முகாமிலும் இதே பழக்கம்தான். கர்நாடகத்தின் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் ஒரு நடுகல் கிடைத்தது. இப்போது பெங்களூரு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பூதுகன் ராஜாதித்தரைக் கொன்றதைச் சொல்லும் கல் அது. ஆனால் அந்தக் கல் நட்டது ஒரு நாய்க்காக. பூதுகனின் வீரன் மணலேரன் போரில் நன்றாக நின்றான். மகிழ்ந்த பூதுகன், "என்ன வேண்டும், கேள்" என்றான். மணலேரன் பொன் கேட்கவில்லை, ஊர் கேட்கவில்லை. காளி என்ற வேட்டை நாயைக் கேட்டான். பிறகு அந்தக் காளி ஒரு காட்டுப்பன்றியோடு சண்டையிட்டு, இரண்டும் செத்தன. காளிக்காகக் கல் நட்டு, அதன் பூசைக்கு நிலமும் விட்டார்கள். தலைவனின் கையிலிருந்து வந்த நாய்; நிலத்தைவிட அது பெரிது. படையைக் கட்டிய பசை இதுதான்.

நடுகல்லுக்கு அவ்வளவு தூரம் போகவும் வேண்டாம். தம்பி வேலை பார்க்கும் ஆம்பூரிலேயே பல்லவ அரசர் நிருபதுங்கரின் 26ஆம் ஆட்சியாண்டு நடுகற்கள் உண்டு. ஊரின் அன்றைய பெயர் ஆமையூர். நுளம்பன் படை மாட்டுமந்தையைக் கவர வந்தபோது எதிர்த்து நின்று விழுந்தவர்களுக்கான கற்கள். மந்தைக்குப் பழைய சொல் தொறு. எல்லைப்புறத்தில் போர் என்றால் முக்கால்வாசி இதுதான்: மாடு பிடிப்பதும் மாடு மீட்பதும். இப்படி விழுந்தவன் குடும்பத்துக்கு ஊரார் நிலம் விட்டார்கள். அதற்கு 'நெய்த்தோர்பட்டி', 'உதிரப்பட்டி' என்று பெயர். நெய்த்தோர் என்றாலும் உதிரம் என்றாலும் ரத்தம். ரத்தம் சிந்தியதற்கு மண். தஞ்சாவூரிலிருந்து சம்பளம் வரும் என்று யாரும் காத்திருக்கவில்லை. படைவீரனின் கணக்கை அவன் ஊரும் அவன் தலைவனும் தீர்த்தார்கள்.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். பழந்தமிழில் 'தோல்' என்றால் கேடயம் என்றும் பொருள். அவர் ஒரு நிமிஷம் தன் கையைப் பார்த்தார். விரல் நுனியில் சாயம் ஏறியிருந்தது.

சோற்றைப் பற்றிப் பேசாமல் படையைப் பற்றிப் பேசக் கூடாது. பத்து லட்சம் பேர் என்று நோட்டில் எழுதிவிடலாம். ஒரு வேளைக்கு அவர்களுக்கு எவ்வளவு அரிசி? நாம் உட்கார்ந்திருக்கும் இந்தக் கரையைக் கட்டியவர் மூன்றாம் நந்திவர்ம பல்லவர், 9ஆம் நூற்றாண்டில். இந்த ஊருக்கே அப்போது அவருடைய பட்டத்தால் அவனிநாராயணச் சதுர்வேதிமங்கலம் என்று பெயர். தமிழ்நாட்டின் பெரிய ஏரிகளில் ஒன்று. தக்கோலத்தில் மகனைப் பறிகொடுத்த அதே பராந்தகர் காலத்தில்தான், 919இலும் 921இலும், உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியத்தைப் பற்றிப் பேசுகின்றன; ஏரியைப் பராமரிக்கவே குடவோலை எடுத்துத் தேர்ந்த குழு. தொண்டை மண்டலத்துக்காக இத்தனை பேர் அடித்துக்கொண்டது இந்த ஏரிகளுக்காகத்தான் என்பது என் எண்ணம். ஏரி இருந்தால் நெல் இருக்கும். நெல் இருந்தால் படை ஓரிடத்தில் தங்கலாம்.

கிருஷ்ணன் அப்படித்தான் தங்கினார். போர் முடிந்து பத்து வருஷம் கழித்தும், 959இல், அவருடைய பாசறை நம் வேலூர் மாவட்டத்து மேல்பாடியில், பொன்னை ஆற்றங்கரையில் இருந்தது. அங்கிருந்துதான் அவர் கர்ஹாட் செப்பேட்டைக் கொடுத்தார். வென்ற நாடுகளைத் தம் ஆட்களுக்குப் பங்கிட்டுக்கொண்டிருந்தார் என்று அது சொல்கிறது. 'கச்சியும் தஞ்சையும் கொண்ட கன்னரதேவன்' என்று இந்தப் பகுதிக் கல்வெட்டுகள் அவர் ஆண்டைப் போட்டன. சோழர் கையில் தொண்டை மண்டலம் இல்லை.

அரசர்கள் ஒருவர் பின் ஒருவராகப் போனார்கள். ராஜாதித்தரின் தம்பி அரிஞ்சயர் ஆற்றூரில் இறந்தார். அவர் 'ஆற்றூர்த் துஞ்சின தேவர்'. அவர் மகன் சுந்தர சோழர் காஞ்சிப் பொன்மாளிகையில் இறந்தார். 'பொன்மாளிகைத் துஞ்சின தேவர்'. இழந்த நிலம் மெல்ல மெல்ல மீண்டது. சுந்தர சோழரின் மகன் ராஜராஜர், தம் பாட்டனார் அரிஞ்சயருக்குப் பள்ளிப்படைக் கோயில் எழுப்பினார். பள்ளிப்படை என்றால் இறந்த அரசர் நினைவாகக் கட்டும் கோயில். எந்த ஊரில் தெரியுமா? அதே மேல்பாடியில். எதிரி பாசறை போட்டு நாட்டைப் பங்கு வைத்த ஊரில். 1014ஆம் ஆண்டுக் கல்வெட்டு அங்கே இருக்கிறது. சின்னக் கோயில்தான், கூட்டம் இருக்காது. ஒரு காலைப்பொழுது போய் வாருங்கள்.

தம்பி நோட்டை மூடவில்லை. பத்து லட்சத்தை அடித்து இருபதாயிரம் ஆக்கினார். கருப்பு உடையையும் அடித்தார். ராஜா இறந்த பிறகும் நிற்கும் படை கதையில் வேண்டும் என்றால், அந்தப் படை யாருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறது என்பதை முதல் அத்தியாயத்திலேயே சொல்லிவிடுங்கள் என்றேன். இன்றைய படைகளில் அந்த வாக்கு ஆளுக்கு அல்ல, சட்டத்துக்கு. அதிகாரி விழுந்தால் அடுத்த பதவியில் இருப்பவர் அந்த நிமிஷமே பொறுப்பேற்பார். இப்படித்தான் இன்று ஒவ்வொரு வீரரையும் பயிற்றுகிறார்கள்.

தக்கோலத்திலும் அப்படி ஒரு பயிற்சி மையம் இருக்கிறது, மத்திய தொழில் பாதுகாப்புப் படையினுடையது. 2025இல் அந்த மையத்துக்கு ராஜாதித்த சோழன் என்று பெயர் வைத்தார்கள்.